ஓராண்டுத் தலைவரும் பத்தாண்டுச் செயலாளரும்

பதவியேற்பு விழா முடிந்த மறுநாள் புதிய தலைவரின் கைக்கு ஒரு பென் டிரைவ் வந்தது. சங்கம் மொத்தமும் இதில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் நான்கு ஆண்டுகளின் மாநாட்டுப் புகைப்படங்கள், லெட்டர்ஹெட், மூன்று விதமான லோகோ, யாரோ எழுதிய நன்றியுரை ஒன்று. செயற்குழுக் கூட்டங்களின் மினிட்ஸ் இல்லை. மாநாடு நடத்தித் தரும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் இல்லை. வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்துப் போடலாம் என்ற விவரமும் இல்லை. கேட்டதற்கு, "அதெல்லாம் சாருக்குத்தான் தெரியும்" என்று பதில் வந்தது. சார் என்பவர் பத்து ஆண்டுகள் செயலாளராக இருந்துவிட்டு ஒதுங்கியவர். இப்போது அவர் எந்தப் பொறுப்பிலும் இல்லை.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு மருத்துவச் சங்கம் அது. பெயர் வேண்டாம். இப்படிப்பட்ட சங்கங்களில் கொஞ்ச காலம் புழங்கிய யாரும் தங்களுக்குத் தெரிந்த பெயரை அங்கே போட்டுக்கொள்ளலாம்.

ஒரு சங்கத்தின் உள்விவகாரம், வெளியாருக்கு அதில் என்ன என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டுக் கலையும் கிளப் என்றால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் எந்த ரத்த அழுத்தத்தில் மாத்திரையைத் தொடங்குவது, எந்த வயதிலிருந்து புற்றுநோய்ப் பரிசோதனை செய்வது என்பதற்கான வழிகாட்டுநெறிகளைப் பெரும்பாலும் இந்தச் சங்கங்கள்தான் எழுதுகின்றன. ஆய்விதழ் நடத்துகின்றன, அரசுக்கு யோசனை சொல்கின்றன, சில நாடுகளில் சிறப்பு மருத்துவர்களுக்கான தேர்வையும் நடத்துகின்றன. லண்டனில் 1518இல் அரச சாசனத்தோடு தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் சங்கத்தின் கையில், அந்த நகரத்தில் யார் மருத்துவம் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் இருந்தது. செயற்குழு அறையில் நடப்பது, அந்தச் சங்கத்தின் பெயரையே கேள்விப்படாத நோயாளியின் மருந்துச்சீட்டு வரைக்கும் போகிறது.

சரி, பிரச்சினை எங்கே தொடங்குகிறது? பதவிக்காலத்தில் என்பது என் எண்ணம். பல சங்கங்களில் தலைவர் பதவி ஓராண்டுதான். அந்தப் பன்னிரண்டு மாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று புரிவதற்கே இரண்டு மாதம் போய்விடும். கடைசி நான்கு மாதத்தை ஆண்டு மாநாடு விழுங்கிவிடும். நடுவில் கிளைகளின் அழைப்பு, தொடக்க உரை, பாராட்டுக் கூட்டம். மிச்சமிருக்கும் நாட்களில் செயற்குழு இரண்டு முறையோ மூன்று முறையோ கூடும். அதில் இருப்பவர்கள் எல்லோரும் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் சங்க மெயிலைத் திறப்பவர்கள். இதில் எதைத் திட்டமிடுவது, எதை முடிப்பது?

ஓராண்டுப் பதவி ஏன் வந்தது என்றால், அது ஒரு மரியாதையாகப் பார்க்கப்படுகிறது. முப்பது ஆண்டு உழைத்த மூத்த மருத்துவருக்குச் சகாக்கள் செய்யும் சிறப்பு அது. வரிசையில் பலர் நிற்கிறார்கள், எல்லோருக்கும் வாய்ப்பு வர வேண்டும், ஆகவே ஆளுக்கு ஓராண்டு. மனிதத்தன்மையான ஏற்பாடுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மரியாதைக்காகக் கொடுத்த நாற்காலியிலிருந்தே நிர்வாகத்தையும் எதிர்பார்க்கும்போது சிக்கல் வருகிறது. கை தேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணருக்கு வரவு செலவு அறிக்கையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதைவிட நுட்பமான ஒரு பழக்கமும் குறுக்கே நிற்கிறது. அறுவை அரங்கில் ஒருவர் முடிவெடுப்பார், மற்றவர்கள் செய்வார்கள், அங்கே அதுதான் உயிரைக் காக்கும். அதே பழக்கத்தோடு குழுத் தலைவரின் நாற்காலியில் உட்கார்ந்தால் கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் யாரும் எதற்கும் பொறுப்பேற்றிருக்க மாட்டார்கள்.

தலைவர் வந்து வந்து போகிறார் என்பதற்காக அதிகாரம் காற்றில் கரைந்துவிடாது. ஆண்டுதோறும் மாறாத ஓரிடம் பார்த்து உட்கார்ந்துகொள்ளும். சில சங்கங்களில் அது நீண்டகாலச் செயலாளர். சிலவற்றில் முன்னாள் தலைவர்களின் சின்ன வட்டம். சிலவற்றில், சிரிக்க வேண்டாம், மாநாடு நடத்தித் தரும் கம்பெனியின் மேலாளர். அவரிடம்தான் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, ஸ்பான்சர்களின் போன் நம்பர் இருக்கிறது, போன ஆண்டு எந்த அரங்குக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. இவர்களில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் சங்கத்தைத் தாங்கிப் பிடிப்பவர்களே இவர்கள்தான். ஆனால் யாரும் இவர்களுக்கு ஓட்டுப் போடவில்லை, இவர்களை யாரும் கேள்வி கேட்கவும் முடியாது.

ஆகவே மருத்துவச் சங்கத்தின் நிர்வாகத்தைப் பலப்படுத்துவது என்றால், நல்ல தலைவரைத் தேடிப் பிடிப்பது பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். யார் முடிவெடுக்கிறார்கள், யார் செய்கிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்ற மூன்றையும் பிரித்து, மூன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கண்ணுக்குத் தெரியும்படி வைப்பதுதான் வேலை. இந்த மூன்றும் ஒன்றோடொன்று குழம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பாடம் போல ஒரு சம்பவம் இருக்கிறது.

1997 ஆகஸ்டில் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன், சன்பீம் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தது. ரத்த அழுத்தமானி, தெர்மாமீட்டர் போன்ற சன்பீம் பொருட்களில் சங்கத்தின் முத்திரை இருக்கும், விற்பனையில் சங்கத்துக்குப் பங்கு வரும். அந்தப் பொருட்களைச் சங்கம் சோதித்துப் பார்க்கும் என்ற பேச்சே இல்லை. வேறு நிறுவனத்தின் தெர்மாமீட்டர் மட்டம், சன்பீமின் தெர்மாமீட்டர் உசத்தி என்பதற்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. உறுப்பினர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே சங்கம் பின்வாங்கியது, சன்பீம் ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போட்டது, 1998இல் 99 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகினார், வேறு சில உயர் அதிகாரிகளும் போனார்கள். சம்பள அதிகாரிகள் போட்ட கையெழுத்து. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு அதை முன்கூட்டியே உட்கார்ந்து அலசியிருந்தால் முதல் அரைமணி நேரத்திலேயே யாராவது ஒருவர் கேட்டிருப்பார்: "நாம் இதைச் சோதித்தோமா?"

இந்தச் சம்பவத்திலிருந்து, ஊழியர்களை நம்பக் கூடாது என்ற முடிவுக்குச் சிலர் போய்விடுகிறார்கள். அது தவறு. சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளாத சங்கம் கடைசியில் எதையும் முடிக்காது. எந்தத் தொகைக்கு மேல், எவ்வளவு காலத்துக்கு மேல், சங்கத்தின் பெயரை யாருக்குக் கொடுப்பதானாலும் குழுவின் முன் வர வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். அந்த ஒரு பக்கம் இல்லாத சங்கங்கள்தான் அதிகம். சங்க விதிகளான பைலாவில் கொடியின் நிறம் வரை எழுதியிருக்கும், ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடலாம் என்பது மட்டும் இருக்காது.

பதவிக்காலத்துக்கு வருவோம். ஓராண்டை மூன்றாண்டாக நீட்டினால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. தவறான ஆள் வந்துவிட்டால் மூன்றாண்டும் அவரோடு கழிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் வழி, அடுத்த தலைவரை ஓராண்டு முன்பே தேர்ந்தெடுத்து, பிரசிடென்ட் எலெக்ட் என்ற பெயரில் குழுவுக்குள் உட்கார வைப்பது. பதவி முடிந்தவர் இன்னும் ஓராண்டு உடன் இருப்பார். ஆக ஒரே நேரத்தில் நேற்று, இன்று, நாளை மூன்றும் மேசையில் இருக்கும். பொருளாளருக்கும் செயலாளருக்கும் மூன்றாண்டு, அதிகபட்சம் இரண்டு முறை. குழு உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்டுதோறும் மாறுவார்கள், ஒரே நாளில் எல்லோரும் போக மாட்டார்கள். இது காகிதத்தில் எளிது. பிரசிடென்ட் எலெக்டுக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் மேடையில் நாற்காலி மட்டும் கொடுத்தால், பயிற்சி ஆண்டு காத்திருப்பு ஆண்டாகிவிடும். அவர் கையில் பட்ஜெட்டைக் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதை வைத்துத்தானே அவர் ஓட்டப் போகிறார்.

பணம் என்றதும் எல்லோருக்கும் சந்தா ஞாபகம் வரும். சங்கங்களின் உண்மையான பண ஓட்டம் பெரும்பாலும் மாநாட்டில் இருக்கிறது. மாநாட்டுக்கென்று தனி ஏற்பாட்டுக் குழு, அதற்குத் தனி வங்கிக் கணக்கு. ஸ்டால் வாடகை, ஸ்பான்சர் தொகை, டெலிகேட் கட்டணம் எல்லாம் அங்கே போய் விழும். மாநாடு முடிந்து குழு கலைந்த பிறகு கணக்கு வரும்; எப்போது வரும் என்பது அந்தப் பொருளாளரின் மனசாட்சியைப் பொறுத்தது. மீதத்தில் எவ்வளவு தாய்ச் சங்கத்துக்கு, எவ்வளவு நடத்திய கிளைக்கு என்று முன்கூட்டியே எழுதியிருக்காவிட்டால் அடுத்த பொதுக்குழுவில் சண்டை நிச்சயம். மாநாட்டுக் கணக்கு மைய சங்கத்தின் பார்வையில் ஓட வேண்டும், தணிக்கை செய்த அறிக்கை இத்தனை நாளில் வர வேண்டும், வராத கிளைக்கு அடுத்த மாநாடு கிடையாது. நிர்வாகச் சீர்திருத்தம் என்று பெரிய பெரிய ஆவணங்கள் எழுதுவதற்கு முன்னால் இந்த ஒன்றைச் செய்தாலே ஒரு சங்கத்தின் முகம் மாறிவிடும்.

ஸ்பான்சர் பணம் தனிக் கதை. 2020இல் பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவின் செல்வாக்கான பத்து மருத்துவச் சங்கங்களின் 328 தலைவர்களை எடுத்துப் பார்த்தது. அவர்களில் 72 சதவீதம் பேருக்கு மருந்து, மருத்துவக் கருவி நிறுவனங்களோடு பணத் தொடர்பு இருந்தது. மொத்தத் தொகை ஏறக்குறைய 13 கோடி டாலர். நியாயமாகச் சொல்ல வேண்டும், அதில் பெரும்பங்கு ஆராய்ச்சிக்காக வந்தது. ஆனாலும் வழிகாட்டுநெறிக் குழுவை யார் நியமிக்கிறார் என்ற இடத்தில் இந்தத் தொடர்பு முக்கியமாகிறது. இந்த விவரமெல்லாம் வெளியே தெரிந்ததே, நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பணத்தைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்று அங்கே சட்டம் இருப்பதால்தான். பல சங்கங்கள் சேர்ந்த கவுன்சில் ஆஃப் மெடிக்கல் ஸ்பெஷால்டி சொசைட்டீஸ் 2010இல் ஒரு நடத்தைக் கோவையைக் கொண்டுவந்தது. அதில் ஒப்பமிட்ட சங்கத்தின் தலைவர், தலைமை நிர்வாகி, இதழாசிரியர் மூவருக்கும் பதவியில் இருக்கும்வரை நிறுவனங்களோடு நேரடிப் பணத் தொடர்பு இருக்கக் கூடாது. வழிகாட்டுநெறிக் குழுவில் பெரும்பான்மையினர் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும், அதன் தலைவர் கண்டிப்பாக.

நலமுரணை, அதாவது ஒருவரின் சொந்த ஆதாயம் சங்கத்தின் முடிவோடு மோதும் இடத்தை, அறிவிப்பது எப்படி நடக்கிறது என்று ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். முதல் அஜெண்டா அதுதான். தலைவர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்பார், "யாருக்காவது ஏதாவது?" இரண்டு பேர் தலையாட்டுவார்கள், ஒருவர் தேநீரைக் கிளறுவார், அடுத்த அஜெண்டா வந்துவிடும். பதினைந்து வினாடி. இதற்கு மாற்று என்னவென்றால், ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் எழுதிக் கொடுத்த பதிவேடு செயலாளர் கையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்பே அஜெண்டாவை அதோடு ஒப்பிட்டு, "ஆறாவது அஜெண்டா வரும்போது நீங்கள் வெளியே இருக்க வேண்டியிருக்கும்" என்று சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லிவிட வேண்டும். மினிட்ஸில் அவர் 7.40க்கு அறையை விட்டுப் போனார், 8.05க்குத் திரும்பினார் என்று இருக்க வேண்டும். முதல் தடவை கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். மூன்றாவது தடவை அவரே எழுந்து போவார்.

மினிட்ஸைத் தொட்டதால் இன்னொன்று. "இது குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டது" என்ற வரி எந்தச் சங்கத்தின் மினிட்ஸிலும் கிடைக்கும். என்ன முடிவு, யார் செய்வார், எப்போதைக்குள் என்ற மூன்றும் அதில் இருக்காது. அடுத்த கூட்டத்தில் அதே விஷயம் மறுபடி விரிவாக விவாதிக்கப்படும்.

உறுப்பினர்கள் பக்கம் திரும்பினால், அங்கேயும் ஓர் அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. மேலே சொன்ன அதே ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ்தான். மருத்துவப் பட்டம் இல்லாமல் மருத்துவர்களோடு வேலை செய்யும் ஃபிசிஷியன் அசோசியேட் பணியிடங்களைப் பெருக்குவது பற்றி பிரிட்டனில் பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. காலேஜின் தலைமை தங்களைக் கேட்காமலே போகிறது என்று நினைத்த உறுப்பினர்கள் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரினார்கள், 2024 மார்ச்சில் அது நடந்தது. உறுப்பினர்களிடம் எடுத்த கருத்தாய்வின் தரவை அந்தக் கூட்டத்தில் தலைமை எடுத்துக்காட்டிய விதம்தான் நெருப்பை மூட்டியது. முழுத் தரவையும் வெளியிடு என்றார்கள். வெளியானபோது மேடையில் கேட்டதும் தாளில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. கிங்ஸ் ஃபண்ட் என்ற வெளி அமைப்பிடம் விசாரணையை ஒப்படைத்தார்கள். ஜூனில் தலைவர் பதவி விலகினார். ஃபிசிஷியன் அசோசியேட் வேண்டுமா வேண்டாமா என்பதில் யார் சரி என்பது வேறு விவாதம். ஐந்நூறு ஆண்டு நிறுவனமே, ஒரு கருத்தாய்வின் எண்களை முழுசாகக் காட்டாததில் ஆட்டம் கண்டது. ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும் என்ற விதி அங்கே உயிரோடு இருந்தது. அது இல்லாத சங்கத்தில் இதே கோபம் வாட்ஸ்ஆப் குழுக்களில் புகைந்து, ஆட்கள் சத்தமில்லாமல் சந்தாவை நிறுத்தியிருப்பார்கள்.

யாரை உறுப்பினராக்குவது என்ற விதியும் அதிகாரம்தான். அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷனில் சேர நெடுங்காலம் உள்ளூர்ச் சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பல உள்ளூர்ச் சங்கங்கள் கறுப்பின மருத்துவர்களைச் சேர்க்கவில்லை. மேலே இருந்தவர்கள் "அது அவர்களின் உள்ளூர் விவகாரம்" என்று கையை விரித்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் 1895இல் நேஷனல் மெடிக்கல் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். மன்னிப்பு வந்தது 2008இல். யாரையும் விலக்கு என்று மைய விதியில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, கதவின் சாவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதிலேயே காரியம் முடிந்துவிடும். இன்று வேட்புமனுக் குழுவில் முன்னாள் தலைவர்கள் மட்டுமே இருக்கும் சங்கங்களில், பெண்களும் இளையவர்களும் ஏன் மேலே வரவில்லை என்று அவ்வப்போது ஆச்சரியப்படுகிறார்கள். போட்டியில்லாமல் தேர்வு என்ற அறிவிப்பு ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து வந்தால், அதைச் சங்க ஒற்றுமை என்று எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

ஆய்விதழ் இருக்கும் சங்கங்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. 1999 ஜனவரியில் அமெரிக்கன் மெடிக்கல் அசோசியேஷன் நடத்தும் ஜாமா இதழின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பெர்க் நீக்கப்பட்டார். மோனிகா லெவின்ஸ்கியோடான உறவு விவகாரத்தில் அமெரிக்க அதிபர் கிளின்டன் மீதான விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில், எதைப் பாலுறவு என்று கல்லூரி மாணவர்கள் கருதுகிறார்கள் என்ற ஆய்வை வெளியிட்டதுதான் காரணம். அதே ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஆசிரியர் ஜெரோம் காசிரரும் வெளியேறினார், இதழின் பெயரை வேறு வணிகங்களுக்குப் பயன்படுத்துவதில் உரிமையாளரான சங்கத்தோடு அவருக்கு மோதல். 2006இல் கனடா மருத்துவச் சங்க இதழின் ஆசிரியர் ஜான் ஹோயி நீக்கப்பட்டார். மூன்றுக்கும் பிறகு உலகம் சங்கத்தைத்தான் ஏசியது. ஜாமா விவகாரத்துக்குப் பிறகு ஆசிரியருக்கும் சங்கத்துக்கும் நடுவில் ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழு ஒன்றை வைத்தார்கள். கனடாவிலும் ஆசிரியர் சுதந்திரத்தை எழுத்தில் கொண்டுவந்தார்கள். ஆசிரியரை எந்தக் காரணத்துக்காக, யார் நீக்கலாம் என்பதைச் சண்டைக்கு முன்னால் எழுதி வைப்பது மலிவு. சண்டைக்கு நடுவில் எழுத உட்கார்ந்தால், எந்த வரியும் யாரோ ஒருவரைக் குறிவைத்த மாதிரியே இருக்கும்.

தலைமைப் பயிற்சி என்று இரண்டு நாள் பயிலரங்கு நடத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. போய்வரலாம், தப்பில்லை. ஆனால் ஓர் இளம் மருத்துவரைத் தணிக்கைக் குழுவில் ஓராண்டு உட்கார வைத்து, ரசீதையும் வவுச்சரையும் பார்க்க விடுவதுதான் அதைவிட நல்ல பயிற்சி என்று எனக்குத் தோன்றுகிறது. அப்புறம், கூட்டத்தை நடத்துவது ஒரு தனித் திறமை: பேசாதவரைப் பேச வைப்பது, பேசிக்கொண்டே இருப்பவரை மனம் நோகாமல் நிறுத்துவது, "ஆக என்ன முடிவு?" என்று நேரம் பார்த்துக் கேட்பது. இதைக் கற்றுக்கொள்ள நல்ல தலைவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

பென் டிரைவ் வாங்கிய அந்தப் புதிய தலைவர், ஆண்டு முழுக்க வேறு எந்தப் புதிய திட்டத்தையும் அறிவிக்கவில்லை. அதற்காக அவரைக் கிண்டல் செய்தவர்களும் உண்டு. பழைய மினிட்ஸைத் தேடினார், ஒப்பந்தங்களின் நகல் கேட்டு எழுதினார், உறுப்பினர் பட்டியலை மாநாட்டுக் கம்பெனியிடமிருந்து திரும்ப வாங்கினார். ஐந்தாவது மாதம் வங்கியிலிருந்து பதில் வந்தது. கையெழுத்துப் போடும் உரிமையுள்ளவர்களாக மூன்று பெயர்கள் அதில் இருந்தன. ஒருவர் வெளிநாட்டில் குடியேறிவிட்டார். இன்னொருவர் இறந்து நான்கு ஆண்டு ஆகிறது. மூன்றாவது பெயர் சாருடையது. மூவரில் ஒருவர் கையெழுத்திட்டால் போதும் என்பது ஏற்பாடு.